பெயர்ப்பியை ஆக்கும் பெயர்ப்பி

கணிப்பொறியின் உள்ளே அமைந்த செயலிக்குத் தெரிந்த மொழி ஒன்றே. அஃது எண்களால் ஆகிய மொழி. இன்ன எண்ணைக் கண்டால் கூட்டுக, இன்ன எண்ணைக் கண்டால் நினைவகத்தில் வைக்க, இன்ன எண்ணைக் கண்டால் வேறிடத்திற்குத் தாவுக என்று அதனைச் செய்தோர் வகுத்துவைத்த கட்டளைகளுக்கு அப்பால் அதற்கு ஒன்றும் விளங்காது. மனிதர் எழுதும் நிரலோ சொற்களும் குறியீடுகளும் விரவிய வரிகளால் ஆகியது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, மனிதர் எழுதிய மூல நிரலைப் பொறிக்குரிய எண்மொழியாக மாற்றித் தரும் நிரலை நிரல்பெயர்ப்பி என்பர்; கம்பைலர் என்பதும் அதுவே.

வழிநூலின் வகைகளுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். முதனூலின் பொருள் சிதையாது வருதலே நல்ல மொழிபெயர்ப்பு என்பதை நாம் அறிவோம். நிரல்பெயர்ப்பிக்கும் அதுவே இலக்கணம். ஆயின், ஒரு வேறுபாடு உண்டு. நூலை மொழிபெயர்த்தவர் ஓரிடத்தில் தவறியிருப்பின், கற்பவர் முன்னும் பின்னும் நோக்கிப் பொருளை உய்த்துணர்ந்துகொள்வர். செயலி உய்த்துணராது. பிழையான எண்ணைக் கொடுத்தால் பிழையான செயலை அது தயக்கமின்றிச் செய்து முடித்துவிடும். ஆகவே, பெயர்ப்பி பழுதற்றதாய் இருத்தல் வேண்டும் என்பது வெறும் நயம் பற்றிய செய்தியன்று. வங்கிக் கணக்கும் மருத்துவப் பொறியும் இருப்புப்பாதைச் சைகையும் பெயர்ப்பியின் கையால் பெயர்க்கப்பட்ட நிரல்களால்தாம் இன்று இயங்குகின்றன.

இங்கே ஒரு வினா எழும். நிரல்பெயர்ப்பியும் ஒரு நிரல்தானே? அதனை எண்மொழியாக ஆக்கியது எது? மற்றொரு பெயர்ப்பி. அதனை ஆக்கியது? அதற்கும் முந்திய ஒன்று. பால் உறைவதற்கு உறைமோர் வேண்டும். உறைமோருக்கு நேற்றைய தயிர் வேண்டும். நேற்றைய தயிருக்கு அதற்கு முந்திய நாளின் உறைமோர் வேண்டும். கொல்லன் உலைக்களத்தில் புதுச் சம்மட்டி அடிப்பதற்கும் பழைய சம்மட்டி ஒன்று கையில் இருந்தாக வேண்டும். இவ்வாறு பின்னோக்கிச் சென்றால் எங்கேனும் ஒரு தொடக்கம் இருந்திருக்க வேண்டுமன்றோ?

அத்தொடக்கத்தை ஆக்கியவர்கள் மனிதர்களே. பழைய பெயர்ப்பிகள் பொறியின் மொழியிலோ அதற்கு மிக அணித்தான மொழியிலோ கையால் எழுதப்பட்டன. 1952ஆம் ஆண்டில் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் யூனிவாக் கணிப்பொறிக்காக ஏ-0 என்னும் அமைப்பை உருவாக்கினார். இன்றைய பெயர்ப்பிகளை நோக்க அது மிக எளியது. முன்பே எழுதிவைத்த நிரற்பகுதிகளைத் தேடி எடுத்து ஒன்றோடொன்று இணைத்துத் தந்தது. 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் அமைந்த குழுவினர் ஃபோர்ட்ரான் பெயர்ப்பியை வெளியிட்டனர். கணித வாய்பாட்டை ஏறத்தாழத் தாளில் எழுதுவது போலவே எழுதிப் பொறிக்குக் கொடுக்க அதனால் இயன்றது.

1962ஆம் ஆண்டில் நிகழ்ந்தது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி. நிறுவனத்தில் டிம் ஹார்ட், மைக் லெவின் என்னும் இருவர் லிஸ்ப் மொழிக்குரிய பெயர்ப்பியை லிஸ்ப் மொழியிலேயே எழுதினர். லிஸ்ப் நிரலைப் பெயர்க்காமல் அவ்வப்போதே படித்து இயக்கும் அமைப்பு ஒன்று அங்கே முன்னரே இருந்தது. அதன்மீது பெயர்ப்பியை இயங்கவிட்டு, பெயர்ப்பியின் மூலத்தையே அதற்கு உணவாகக் கொடுத்தனர். அது தன்னைத் தானே பெயர்த்துக்கொண்டது. சூரிச் நகரில் நிக்லாஸ் விர்த் என்னும் பேராசிரியரின் குழுவினர் வேறு வழியில் சென்றனர். பாஸ்கல் மொழிக்கு ஃபோர்ட்ரானில் பெயர்ப்பி எழுதும் முயற்சியைக் கைவிட்டு, பாஸ்கலிலேயே அதனை எழுதி, எழுதியதை ஒருமுறை மட்டும் மனிதக் கையால் கீழ்நிலை மொழிக்குப் பெயர்த்தனர். 1970ஆம் ஆண்டில் அது இயங்கியது. உறைமோர் இல்லாத ஊரில் முதன்முதலாகப் பாலை உறையவைத்தவர்களுக்கு இவர்களை ஒப்பிடலாம்.

இனி, இன்று ஒரு பெயர்ப்பியை அதன் மூலத்திலிருந்து ஆக்கி நிறுவும் முறையைக் காண்போம். எடுத்துக்காட்டாக ஜி.சி.சி. என்னும் பெயர்ப்பியைக் கொள்வோம். இதனைத் தொடங்கியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். 1983ஆம் ஆண்டில் அவர் அறிவித்த க்னூ திட்டத்தின் ஒரு பகுதியாக 1987ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இது முதன்முதல் வெளிவந்தது. தொடக்கத்தில் சி மொழி ஒன்றனையே பெயர்த்தது. பின்னர்ச் சி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரான், அடா முதலிய பல மொழிகளையும் பெயர்க்கும் தொகுதியாக வளர்ந்தது. 2019ஆம் ஆண்டளவில் இதன் மூலம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வரிகளைக் கொண்டிருந்தது. அத்தனை வரிகளையும் எவரும் இலவசமாகப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். அவ்வுரிமை எழுத்தில் உறுதி செய்யப்பட்டுள்ளது.

ஆக்கிவைத்த பெயர்ப்பியே எளிதிற் கிடைக்கும்போது மூலத்திலிருந்து ஏன் ஆக்க வேண்டும் என்று சிலர் வினவுவர். தம் பொறியில் உள்ள பதிப்புப் பழையதாய் இருத்தல், புதிய செயலிக்கு நிரல் வேண்டியிருத்தல், பெயர்ப்பியிலேயே ஒரு திருத்தம் செய்ய விரும்புதல் ஆகியன பொதுவான காரணங்கள். இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மூலத்தைப் பெற்றவுடன் முதலிற் செய்யத்தக்கது அதனோடு வரும் மின்முத்திரையைச் சரிபார்த்தலாகும். வழியில் எவரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. அடுத்து, ஜி.சி.சி.க்குத் துணையாக மூன்று நூலகங்கள் வேண்டும். அவற்றின் பெயர்கள் ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்பன. மூன்றும் கணக்கு நூலகங்கள். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் கையாள்வது முதலாவது. பின்ன எண்களைத் துல்லியமாக வரையறுத்த முறையிற் கணிப்பது இரண்டாவது. கலப்பெண்களுக்கு உரியது மூன்றாவது. பெயர்க்கும் நிரலுக்குக் கணக்கு எதற்கு? நிரலில் மாறாத எண்களால் ஆகிய கணக்கு ஒன்று வந்தால், அதனைப் பெயர்க்கும்போதே செய்து விடையை மட்டும் எழுதிவிடுதல் நல்ல பெயர்ப்பியின் இயல்பு. பெயர்க்கும் பொறி ஒன்றாகவும் நிரல் ஓடும் பொறி வேறொன்றாகவும் இருக்கக்கூடும். எப்பொறியில் பெயர்த்தாலும் விடை ஒன்றாகவே வர வேண்டுமாதலின், பெயர்ப்பி தான் இருக்கும் பொறியின் கணக்கை நம்பாமல் இந்நூலகங்களை நம்புகிறது.

மூலம் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே ஆக்கத்தைத் தொடங்குதல் கூடாது. புறத்தே வெறுங்கோப்புறை ஒன்றை அமைத்து, அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும். இடையில் ஏதேனும் பழுது நேர்ந்தால் அக்கோப்புறையை அப்படியே அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். மூலம் மாசுபடாமல் இருக்கும்.

பின்னர், கன்ஃபிகர் என்னும் கட்டளை. இது பொறியின் நிலையை ஆராய்வது. இது செய்யும் ஆராய்ச்சி சுவையானது. இன்ன வசதி இப்பொறியில் உண்டா என்பதை எவரையும் கேட்டு அறிவதில்லை. அவ்வசதியைப் பயன்படுத்தும் நான்கைந்து வரி நிரல் ஒன்றைத் தானே எழுதி, இருக்கும் பெயர்ப்பியிடம் கொடுத்துப் பார்க்கிறது. பெயர்ந்தால் உண்டு, பெயராவிடில் இல்லை. இவ்வாறு நூற்றுக்கணக்கான சிறு சோதனைகள் நிகழும். என் பெயர்த்தி தன் மடிக்கணினியில் இப்பணியைச் செய்தபோது அருகிலிருந்து பார்த்தேன். உண்டு, இல்லை, உண்டு, உண்டு என்று வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நேரிற் செய்து பார்த்து அறிவதே முடிந்த முடிபு என்னும் அதன் போக்கு எனக்குப் பிடித்திருந்தது. சொல்லக் கேட்டதை அப்படியே எழுதிவிடும் உரையாசிரியர்களை நான் பார்த்ததுண்டு.

இக்கட்டளையோடு சில விருப்பங்களையும் சொல்லலாம். எம்மொழிகளுக்குப் பெயர்ப்பி வேண்டும் என்பது ஒன்று. முடிந்த பெயர்ப்பியை எக்கோப்புறையில் நிறுவ வேண்டும் என்பது மற்றொன்று. பிரிஃபிக்ஸ் என்னும் சொல்லால் அதனைக் குறிப்பர். மூன்றாவதாக ஒன்று பலரை வருத்துவது. 64 பிட்டுப் பொறியில் ஜி.சி.சி.யை ஆக்கும்போது, 32 பிட்டு நிரல்களுக்கும் சேர்த்தே அது ஆயத்தம் செய்யும். அதற்குரிய பழைய நூலகங்கள் பொறியில் இல்லையெனில் பணி நின்றுவிடும். மல்ட்டிலிப் வேண்டா என்று முன்பே சொல்லிவிட்டால் இத்தொல்லை இல்லை.

அடா மொழியை விரும்புவோர்க்கு ஒரு சொல். ஜி.சி.சி.யில் அடாவுக்குரிய பகுதி அடா மொழியிலேயே எழுதப்பட்டது. எனவே, அதனை ஆக்குவதற்கு அடா பெயர்ப்பி ஒன்று முன்னரே பொறியில் இருத்தல் வேண்டும். உறைமோர்க் கதை இங்கே கண்கூடு.

ஆராய்ச்சி முடிந்தபின் மேக் என்னும் கட்டளை. இதனை 1976ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கினார். எக்கோப்பு எதனைச் சார்ந்தது, எதனை முன்னர்ச் செய்து எதனைப் பின்னர்ச் செய்வது என்னும் முறையை அறிந்து பணியை நடத்துவது இது. செயலியில் பல உட்கருக்கள் இருப்பின் ஒரே சமயத்தில் பல கோப்புகளைப் பெயர்க்குமாறு ஏவலாம். ஆயினும், நினைவகத்தின் அளவை நோக்காமல் மிகுதியாக ஏவினால் நினைவகம் போதாமல் இயங்குதளமே பணியை இடையில் நிறுத்திவிடும்.

இப்பணியின் நடுவே நிகழ்வதுதான் இப்பாடத்தின் உயிர்நிலை. ஜி.சி.சி. தன்னை ஒருமுறை ஆக்கிக்கொள்வதோடு அமைவதில்லை, மும்முறை ஆக்கிக்கொள்கிறது. முதற்கண், பொறியில் முன்பே இருக்கும் பழைய பெயர்ப்பியைக் கொண்டு புதிய பெயர்ப்பியின் மூலம் பெயர்க்கப்படுகிறது. இதனை முதற்படி என்போம். அடுத்து, இந்த முதற்படியைக் கொண்டு அதே மூலம் மீண்டும் பெயர்க்கப்படுகிறது. இஃது இரண்டாம் படி. பின்னர், இரண்டாம் படியைக் கொண்டு அதே மூலம் இன்னொரு முறை பெயர்க்கப்படுகிறது. இது மூன்றாம் படி. முடிவில் இரண்டாம் படியும் மூன்றாம் படியும் அருகருகே வைத்து ஒப்புநோக்கப்படும். இரண்டும் வேறுபட்டால், ஒப்பீடு தவறிற்று என்று அறிவித்துப் பணி நின்றுவிடும்.

முதற்படியை ஏன் ஒப்பிடுவதில்லை? ஏனெனில், அதனை எழுதிய கை வேறு. ஒரே செய்யுளுக்கு இரு புலவர் உரையெழுதினால் பொருள் ஒன்றாயினும் சொல் வேறுபடுவது போல, பழைய பெயர்ப்பி எழுதிய எண்களும் புதிய பெயர்ப்பி எழுதும் எண்களும் வேறுபடும். ஆனால், முதற்படியும் இரண்டாம் படியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. உருவில் வேறாயினும் செயலில் ஒன்றாயிருக்கக் கடமைப்பட்டவை. செயலில் ஒத்த இரண்டு பெயர்ப்பிகளிடம் ஒரே மூலத்தைக் கொடுத்தால் ஒரே விளைவுதான் வர வேண்டும். முதற்படியின் விளைவு இரண்டாம் படி. இரண்டாம் படியின் விளைவு மூன்றாம் படி. எனவே இவ்விரண்டும் ஒத்தாக வேண்டும். ஒவ்வாவிடில் எங்கோ பிழை உண்டு: பழைய பெயர்ப்பி தவறாகப் பெயர்த்திருக்கலாம், புதிய மூலத்தில் குறை இருக்கலாம், நினைவகமே பழுதுற்றிருக்கவும் கூடும். ஏட்டுச்சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் படியெடுத்தவனின் பிழையைக் கண்டறியும் முறையை ஒத்தது இது. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடுகளுள் சிறந்ததைத் தெரிந்துகொள்ளலாம். இங்கே அவ்வுரிமை இல்லை.

ஒப்பீடு நிறைவேறியபின் சோதனைத் தொகுதி ஒன்றை ஓடவிடுதல் நன்று. பின்னர், மேக் இன்ஸ்டால் என்னும் கட்டளையால் பெயர்ப்பி உரிய கோப்புறையில் நிறுவப்படும். இயங்குதளத்தோடு வந்த பெயர்ப்பியை அகற்றிவிட்டு அதனிடத்தில் புதியதை வைத்தல் தகாது. இயங்குதளத்தின் பிற உறுப்புகள் பழையதையே எதிர்பார்த்திருக்கும். தனிக் கோப்புறையில் நிறுவினால் இரண்டும் ஒரு வீட்டில் இரு குடும்பம் போலப் பூசலின்றி இருக்கும்.

நிறுவியபின் பெயர்ப்பியை அழைத்துப் பதிப்பெண்ணைக் கேட்டால், சிலர்க்குப் பழைய எண்ணே விடையாக வரும். இதற்குக் காரணம், பாத் என்னும் பட்டியலில் பழைய கோப்புறை முன்னும் புதியது பின்னுமாக இருத்தலே. முறையை மாற்றினால் போதும். இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. புதிய பெயர்ப்பியால் சி பிளஸ் பிளஸ் நிரல் ஒன்று பழுதின்றிப் பெயர்ந்துவிடும். ஓடவிட்டவுடன், தேவையான நூலகப் பதிப்பைக் காணோம் என்று நின்றுவிடும். பெயர்த்தது புதிய நூலகத்தை நம்பி. ஓடும்போது கிடைத்தது பழைய நூலகம். புதிய நூலகம் இருக்கும் இடத்தை இயங்குதளத்திற்கு அறிவித்தால் இக்குறை நீங்கும்.

முன்பு கூறாமல் விட்ட காரணத்திற்கு இனி வருவோம். 1983ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் பரிசு, யூனிக்சு இயங்குதளத்தை ஆக்கிய கென் தாம்சனுக்கும் டென்னிஸ் ரிட்சிக்கும் வழங்கப்பட்டது. பரிசு ஏற்கையில் தாம்சன் ஆற்றிய உரை 1984ஆம் ஆண்டில் அச்சில் வந்தது. ஒரு பெயர்ப்பி தனக்குத் தெரிந்த ஒன்றைத் தன் வழித்தோன்றலுக்குச் சொல்லாமலே கொடுப்பது எப்படி என்பதை அதில் அவர் விளக்கினார்.

சி மொழியில் சாய்கோட்டை அடுத்து வி என்னும் எழுத்தை இட்டால், அது செங்குத்துத் தாவல் என்னும் குறியைக் காட்டும். அதற்குரிய எண் 11. பெயர்ப்பிக்கு இதனை முதன்முறை கற்பிக்கும்போது, இக்குறியைக் கண்டால் 11 என்று எழுதுக என மூலத்தில் வெளிப்படையாக எழுதியாக வேண்டும். அவ்வாறு ஒருமுறை ஆக்கிய பெயர்ப்பிக்கு அக்குறி தெரிந்துவிடும். பின்னர் மூலத்தில் 11 என்பதை நீக்கி, இக்குறியைக் கண்டால் இக்குறிக்குரிய எண்ணையே எழுதுக என்று மாற்றிவிடலாம். புதிய பெயர்ப்பியும் 11 என்றே எழுதும். மூலத்தை எத்துணை முறை புரட்டினாலும் 11 என்னும் எண் அங்கே இராது. அது பெயர்ப்பியின் எண்மொழி வடிவத்தில் மட்டும், தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும்.

நல்லறிவு இவ்வாறு மறைந்து செல்லுமாயின் தீமையும் செல்லுமன்றோ? தாம்சன் காட்டியது அதுவே. உள்நுழைவு நிரலைப் பெயர்க்கும்போதெல்லாம், தமக்கு மட்டும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லையும் ஏற்குமாறு அதில் கள்ளவழி ஒன்றைப் புகுத்தும்படி பெயர்ப்பியைத் திருத்தலாம். அதனோடு, பெயர்ப்பியின் மூலமே பெயர்ப்புக்கு வரும்போது இவ்விரு திருத்தங்களையும் அதிற் புகுத்துமாறும் செய்யலாம். ஒருமுறை ஆக்கியபின் மூலத்திலிருந்து இவற்றை அழித்துவிட்டால் போதும். உள்நுழைவு நிரலின் மூலம் தூயது. பெயர்ப்பியின் மூலமும் தூயது. ஆயினும் கள்ளவழி மட்டும் ஒவ்வோர் ஆக்கத்திலும் மீண்டும் மீண்டும் பிறந்துகொண்டே இருக்கும். மும்முறை ஆக்கி ஒப்புநோக்கும் சோதனையும் இதனைக் காட்டிக்கொடாது. இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் அக்கள்ளம் ஒரே வகையாக இருக்குமன்றோ?

இதற்கு மருந்து கண்டவர் டேவிட் வீலர். 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலும் 2009ஆம் ஆண்டில் அளித்த ஆய்வேட்டிலும் அவர் கூறிய முறை எளிமையானது. ஐயத்திற்கு உரிய பெயர்ப்பியின் மூலத்தை, அதனோடு உறவில்லாத வேறொரு பெயர்ப்பியால் பெயர்க்க வேண்டும். வந்ததைக் கொண்டு அதே மூலத்தை மீண்டும் பெயர்க்க வேண்டும். இரண்டாம் முறை வந்ததும், ஐயத்திற்கு உரிய பெயர்ப்பி தன்னைத் தானே பெயர்த்து ஆகிய வடிவும் ஒரு பிட்டும் மாறாமல் ஒத்தால், மூலத்தில் இல்லாத எதுவும் அதில் இல்லை எனக் கொள்ளலாம். வேற்றூர் உறைமோரால் உறையிட்டுப் பார்ப்பது போன்றது இது. இரண்டு பெயர்ப்பிகளிலும் ஒரே கள்ளத்தை ஒருவரே வைத்திருந்தாலன்றி இச்சோதனை பொய்க்காது. ஜி.சி.சி.யின் மீதும் இம்முறையை அவர் செய்து காட்டினார். மூலம் எல்லார்க்கும் கிடைத்தால்தான் இச்சோதனையை எவரும் செய்ய இயலும் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

வேறு சிலர் தொடக்கத்திற்கே செல்ல விரும்பினர். 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் க்விக்ஸ் திட்டத்தினர் ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். 357 பைட்டு அளவே உள்ள ஒரு சிறு நிரலிலிருந்து தம் மென்பொருள் முழுவதையும் மூலத்தினின்றே ஆக்கிவிட்டதாக அதிற் கூறினர். அச்சிறு நிரல் செய்வது, பதினாறன் எண்முறையில் எழுதிய எழுத்துகளைப் படித்து அவற்றுக்குரிய பைட்டுகளாக எழுதுவது மட்டுமே. அதனைக் கொண்டு அதனினும் சற்று வல்ல ஒன்றை ஆக்குவர், அதனால் ஓர் எளிய அசெம்பிளி மொழியை ஆக்குவர், அதன்மேல் சி மொழியின் ஒரு பகுதியை மட்டும் அறிந்த பெயர்ப்பி, அதன்மேல் மெஸ், பின்னர் டைனி சி.சி.; அதனால் சி மொழியிலேயே எழுதப்பட்ட பழைய ஜி.சி.சி.; அதிலிருந்து படிப்படியாகப் புதிய ஜி.சி.சி. 2013ஆம் ஆண்டில் வந்த பதிப்பு முதல் ஜி.சி.சி.யை ஆக்குவதற்கே சி பிளஸ் பிளஸ் பெயர்ப்பி வேண்டியிருப்பதால், இடையில் பழைய பதிப்பு இன்றியமையாததாயிற்று. 357 பைட்டுகள் என்றால் உங்கள் குறிப்பேட்டின் ஓரிரு பக்கங்களில் எழுதிவிடலாம். ஒவ்வொரு பைட்டுக்கும் எதிரே அது செய்யும் செயலை எழுதி, பொறியின் கட்டளை நூலோடு ஒத்துப்பார்க்கப் பொறுமையுள்ள ஒருவருக்கு இயலும்.

ஆயினும், அந்தச் சிறு விதை வெற்றிடத்தில் முளைப்பதன்று. ஆக்கப் பணியை முறைப்படி நடத்துவதற்குக் கைல் என்னும் மொழியின் முன்னரே ஆக்கிய வடிவம் ஒன்றும், அனைத்திற்கும் அடியில் முன்னரே பெயர்க்கப்பட்ட லினக்சு கருவும் அங்கே இருந்தன. அவற்றையும் மூலத்தினின்றே ஆக்கிக்கொள்ளும் வழியைத் தேடுவது இனி எஞ்சிய பணி என்பதனை அறிவித்தவர்கள் மறைக்கவில்லை.